மாரிக்கனியின் கோடு

வலுக்கூடத்தின் கதவு ஐந்தரை மணிக்குத் திறக்கும். ஐந்தே காலுக்கே அமலோற்பவம் வாசலில் நிற்பாள். ஒன்பது மணிக்கு மேல் வெயிலில் யாரும் நடமாடக் கூடாது என்று தூத்துக்குடிக்கு உத்தரவு வந்து இருபது வருஷம் ஆகிறது. மீன் ஏலம், பள்ளிக்கூடம், கல்யாணம் எல்லாமே விடிந்தும் விடியாததுமாக முடிந்துவிடும். அதனால் அவள் சீக்கிரம் வருவதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் அவள் வெயிலுக்குப் பயந்து வருகிறவள் அல்ல. முதல் ஆளாக எடையைத் தூக்குவதில் அவளுக்கு ஒரு திமிர் உண்டு. ஐம்பத்திரண்டு வயதிலும் அவள் அதை விட்டபாடில்லை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவள். ஆறு வருஷத்துக்கு முன்னால் இடது மார்பை எடுத்தார்கள். மருந்து, கதிர் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்க முடியாமல் சமையற்கட்டில் உட்கார்ந்து அழுதாள். இன்றைக்கு எழுபது கிலோ ராடைத் தரையிலிருந்து இடுப்பு வரை தூக்கி, சிரித்த முகத்தோடு இறக்கி வைக்கிறாள். கூடத்தில் அவளுக்கு அமலம் என்றுதான் பெயர். அவளைவிட அதிகம் தூக்குகிறவள் அங்கே கிடையாது.

மார்புப் புற்றுநோயிலிருந்து மீண்ட ஒவ்வொருத்தியும் திங்கள், புதன், வெள்ளி இங்கே வந்தாக வேண்டும். தசை வெறும் இறைச்சி அல்ல, அதுவும் ஒரு சுரப்பி என்று முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். கனமாக எதையாவது தூக்கினால் தசையிலிருந்து ஒன்று இரத்தத்தில் சுரக்கும். அதற்குத் தசைச்சுரப்பு என்று பெயர். உடம்பெல்லாம் ரோந்து சுற்றும் காவலணுக்களை அது எழுப்பிவிடும். ஒளிந்திருக்கும் புற்றணுவைத் தேடிப்பிடித்துக் கொல்வது அவற்றின் வேலை. துறைமுக வாசலில் நாற்காலியில் தூங்கும் வாட்ச்மேனை உலுக்கி எழுப்புவது மாதிரி என்று அமலம் புதிதாக வருகிறவர்களுக்கு விளக்குவாள்.

அளப்பதற்கு வலுவளை இருக்கிறது. பேச்சில் அது பேண்ட். அறுவை நடந்த பக்கத்து முன்கையில் பூட்டிக்கொள்ள வேண்டும். எவ்வளவு தூக்குகிறாள், தசை எவ்வளவு திணறுகிறது, கை வீங்கியிருக்கிறதா என்று எல்லாவற்றையும் அது சுவரில் இருக்கும் திரைக்கு அனுப்பும். திரையில் ஒவ்வொருத்திக்கும் ஒரு கோடு. அதன் கீழே சிவப்பாக இன்னொரு கோடு ஓடும், அது எல்லை. செவிலி ஒருத்தி கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். அவள் பார்ப்பது திரையைத்தான், பெண்களை அல்ல.

தொடர்ந்து மூன்று வாரம் ஒருத்தியின் கோடு சிவப்புக்குக் கீழே கிடந்தால், கூடத்தின் கோடியில் இருக்கும் நீலக்கதவின் மேல் ஒரு விளக்கு எரியும். செவிலி எழுந்து வந்து, “வாங்கம்மா, மேல ஒரு தடவை பாத்துரலாம்” என்பாள். குரல் தேனாக இருக்கும். அந்தக் கதவு வழியாக மாடிக்குப் போனவர்கள் யாரும் இந்தக் கூடத்துக்குத் திரும்பி வந்ததில்லை.

செத்தார்களா, இருக்கிறார்களா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். போன் எடுக்காது. குடும்பத்தாரிடம் கேட்டால் கையெழுத்துப் போட்டிருக்கிறோம் என்று வாயை மூடிக்கொள்வார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சகாயராணி போனாள். அவள் புருஷனை அமலம் சந்தையில் பிடித்துக்கொண்டு கேட்டாள். அந்த மனுஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார். அதற்கு மேல் என்ன வேண்டும்? மாடி என்றால் முடிவு, தேறாதவர்களுக்கு மருந்தை வீணாக்காமல் ஒதுக்கி வைக்கிற இடம் என்று கூடத்தில் எல்லோரும் தீர்மானித்துவிட்டார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ஆடி மாதத்தில் மாரிக்கனியின் கோடு இறங்கத் தொடங்கியது.

மாரிக்கனி உப்பு பாக்கெட் போடும் கம்பெனியில் வேலை செய்கிறவள், நாற்பத்தாறு வயது. நாலு வருஷமாக அமலத்துக்குப் பக்கத்து ராடு. அமலத்துக்குப் பிள்ளையும் இல்லை, புருஷனும் இல்லை. மாரிக்கனி கொண்டுவரும் தூக்குவாளிச் சோறும் அவளுடைய ஓயாத பேச்சும்தான் அவளுக்குக் குடும்பம். மாரிக்கனி எப்போதும் நாற்பத்தைந்து தூக்குவாள், அவளுடைய எல்லை நாற்பது. இப்போது முப்பத்தொன்பதுக்கே மூச்சு வாங்கியது. இரண்டு வாரம் சிவப்புக்குக் கீழே போய்விட்டது. வருகிற வாரத்தோடு மூன்று.

உடை மாற்றும் அறையில் மாரிக்கனி முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏட்டி, என்ன செய்து? சாப்பிடுதியா இல்லியா?” என்றாள் அமலம்.

“எல்லாம் சாப்பிடத்தான் செய்யுதேன். கையில வலு நிக்க மாட்டேங்குது யக்கா.” மாரிக்கனி துண்டை எடுத்தாள். “எம்மவளுக்கு ஏழு மாசம். இன்னும் ரெண்டு மாசம் போயிருச்சின்னா பிள்ளையக் கண்ணால பாத்துருவேன். அதுக்கப்புறம் மாடிக்கு என்ன, எங்க வேணும்னாலும் கொண்டு போவட்டும்.”

அவள் தன் இடது கையைப் பார்த்தாள். மார்பு அறுவை முடிந்தவர்களுக்குச் சில நாள் கை பொம்மென்று வீங்கும். அந்த நாட்களில் இறுக்கம் தாங்காது என்பதால் வளையைத் தளர்த்திக்கொள்ள அதன் அடியில் ஒரு பொத்தான் உண்டு. வேறு நோய்க்காரர்களின் வளையில் அது கிடையாது. பொத்தானை முழுக்க அழுத்தினால் வளை கையை விட்டுக் கழன்றே வந்துவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் அதைப் பயன்படுத்திக்கொண்டதில்லை. வளை சூட்டையும் நாடியையும் பார்க்கும், யாருடைய நாடி என்று பார்க்காது. தன் உயிருக்காகத் தூக்குகிற இடத்தில் ஒருத்தி இன்னொருத்திக்காகவும் தூக்குவாள் என்று அதைச் செய்தவர்களுக்குத் தோன்றவில்லை.

“கழட்டிக் குடு” என்றாள் அமலம்.

“என்னத்தை?”

“உன் பேண்டத்தான். எனக்கு எழுபது தூக்கத் தெம்பு இருக்கு. உனக்காவ ஒரு நாப்பத்துமூணு தூக்க முடியாதாக்கும்?”

“மாட்டிக்கிட்டா உன்னையும்லா மேல ஏத்திருவாவ!”

“ஏத்துனா உனக்குத் துணைக்கு வாரேன். குடுட்டி.”

அன்றிலிருந்து அமலம் முதலில் தன் வளையோடு தன் எடையைத் தூக்கினாள். பிறகு உடை மாற்றும் அறைக்குப் போய் வளையை மாற்றிக்கொண்டு வந்து மாரிக்கனியின் எடையைத் தூக்கினாள். மாரிக்கனி துண்டைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்று தானும் களைத்தவள் மாதிரி பெருமூச்சு விடுவாள். அந்த நடிப்பைப் பார்த்து அமலத்துக்குச் சிரிப்பை அடக்க முடியாது. கண்ணாடிக்குப் பின்னால் செவிலி திரையைப் பார்த்துத் தலையாட்டுவாள்.

அமலம் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. நாற்பத்துமூன்றில் தொடங்கி வாரத்துக்கு அரை கிலோ வீதம் கூட்டினாள். மாரிக்கனியின் கோடு சிவப்பை விட்டு மேலே வந்து, மெல்ல மெல்ல ஏறி, கூடத்திலேயே அழகான கோடாக ஆனது. செவிலி ஒருநாள் வெளியே வந்து மாரிக்கனிக்குக் கைகொடுத்துப் பாராட்டிவிட்டும் போனாள். கூடத்துப் பெண்களில் இரண்டு மூன்று பேருக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் அவர்கள் அமலத்தைச் சாமி மாதிரி பார்த்தார்கள். அந்தப் பதினோரு வாரமும் அமலம் சந்தோஷமாக இருந்தாள் என்பதை மறைக்கக் கூடாது. தன் வலுவுக்கு இப்போதுதான் ஒரு அர்த்தம் கிடைத்ததாக அவள் நினைத்தாள்.

எட்டாவது வாரம் மாரிக்கனிக்குப் பேத்தி பிறந்தாள். ஒன்பதாவது வாரம் இடுப்பு வலிக்கிறது என்றாள். பிள்ளையைத் தூக்கித் தூக்கிச் சுளுக்கியிருக்கும் என்று அமலம் தைலம் தேய்த்துவிட்டாள். பத்தாவது வாரம் சோறு இறங்கவில்லை. பதினோராவது வாரம், வெள்ளிக்கிழமை, அமலம் நாற்பத்தெட்டு கிலோவை இடுப்புவரை தூக்கி நிற்கும்போது, திரையில் கோடு புதிய உச்சத்தைத் தொட்ட அதே நேரத்தில், பக்கத்தில் நின்ற மாரிக்கனி மடங்கித் தரையில் விழுந்தாள்.

டாக்டர் நஸ்ரின் மறுநாள் அமலத்தைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தூங்காத கண். மேசைத் திரையில் மாரிக்கனியின் கோட்டைப் போட்டுக் காட்டினாள்.

“பதினோரு வாரம். ஒரு வாரம்கூட இறங்கலை. பிரசவத்துக்கு அலைஞ்ச வாரம்கூட அரை கிலோ ஏறியிருக்கு. மனுஷங்களோட கோடு இப்படி இருக்காதும்மா.”

அமலம் எதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, “என்ன தண்டனைனாலும் குடுங்க. அவளை மட்டும் ஒதுக்கிப் போட்டுராதீங்க” என்று கும்பிட்டாள்.

“ஒதுக்கிப் போடறதா? எங்கே?” டாக்டருக்குப் புரியவில்லை. புரிந்ததும் அமலத்தின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “அம்மா, அந்தச் சிவப்புக் கோடு பரீட்சை இல்லை. நோய் திரும்புதுன்னா முதல்ல குறையறது வலுதான். வலி வர்றதுக்கு மூணு மாசம் முன்னாடியே கையில தெரிஞ்சுடும். அதைப் பார்க்கத்தான் வளை. இறங்கினாத்தான் நாங்க ஸ்கேன் எடுப்போம். இவங்க கோடு ஏறிக்கிட்டே இருந்துச்சு. மெஷின் ஒரு தடவைகூடச் சந்தேகப்படலை.”

அமலம் திரையில் ஏறிக்கொண்டே போன அந்தக் கோட்டைப் பார்த்தாள்.

“மேல போனவுகளை என்ன செய்வீங்க?”

“உடம்போட காவல் முழுசையும் துடைச்சுட்டுப் புதுசா வளர்ப்போம். புதுக்காவல்னு பேரு. வளர்ற வரைக்கும் சின்னச் சளி பிடிச்சாலும் ஆபத்து. கூட்டத்துல இருக்கக் கூடாது. ரெண்டு வருஷம் மலைப்பக்கத்துக் கூடத்துல வச்சிருப்போம். அப்புறமும் அங்கேயே பக்கத்துல குடியமர்த்திடுவோம். சரியான நேரத்துல வந்தா பத்துப் பேர்ல ஏழு பேர் பிழைக்கிறாங்க.”

“ஏழு பேரா?” அமலம் எழுந்துவிட்டாள். “சகாயராணி?”

“பேர் சொல்ல முடியாதும்மா.”

“உயிரோட இருக்காளா இல்லியான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க என்னத்துக்கு ஒளிக்கப் போறோம்? மாடின்னா சாவுன்னுலா இங்க அத்தனை பேரும் நம்பிக்கிட்டு இருக்கோம்!”

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டாள். “எனக்கு முன்னாடி இருந்தவங்க சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஒரு சாவுச் செய்தி வந்தா அந்த வாரம் கூடத்துல எல்லார் கோடும் இறங்கிடும். பயத்துல யாருக்கும் தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, காவலணுக்களும் படுத்துடும். யாருக்கு நோய், யாருக்குத் துக்கம்னு பிரிக்க முடியாமப் போச்சு. சரின்னு நல்ல செய்தியை மட்டும் சொன்னாங்க. எந்தப் பேரைச் சொல்லலையோ அந்தப் பேர் செத்துப்போச்சுன்னு ஒரே மாசத்துல கண்டுபிடிச்சுட்டாங்க. அதனாலதான் எதையும் சொல்லக் கூடாதுன்னு சட்டமே வந்துச்சு.”

அவள் சொன்னதில் தப்பு எதுவும் அமலத்துக்குத் தெரியவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“மாரிக்கனி?” என்று மட்டும் கேட்டாள்.

“எலும்புக்கும் ஈரலுக்கும் போயிடுச்சு. புதுக்காவலை இப்ப உடம்பு தாங்காது. நீங்க வந்து பார்க்கலாம். இனிமே தனிமை தேவையில்லை.”

பார்க்கலாம் என்று அனுமதி கிடைப்பதற்கு என்ன பொருள் என்று அமலத்துக்கு அப்போதுதான் விளங்கியது. வாயைத் திறப்பதில்லை என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நீலக்கதவைத் தாண்டினாள்.

மாடி அவள் நினைத்த மாதிரி இல்லை. ஜன்னல் நிறையக் கடல் தெரிந்தது. மாரிக்கனி தலையணையில் சாய்ந்திருந்தாள். மகள் இப்போதுதான் பிள்ளையைக் காட்டிவிட்டுப் போனாளாம்.

“உன் புண்ணியம் யக்கா” என்றாள் மாரிக்கனி. “நீ தூக்கலைனா அன்னைக்கே இங்க வந்துருப்பேன். பேத்தியக் கையில வாங்கியிருக்க மாட்டேன். மவகிட்ட சொல்லியிருக்கேன், பிள்ளைக்கு உன் பேரையும் சேத்து வைக்கணும்னு.”

அமலம் அப்படியே கேட்டுக்கொண்டு வந்திருக்கலாம். நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, காலைப் பிடித்துவிட்டு, கும்பிடு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவிடாமல் எது தடுத்தது என்று அவளுக்கே தெரியாது. டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள், மலையை, இரண்டு வருஷத்தை, பத்தில் ஏழை.

மாரிக்கனி கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“பத்துல ஏழா?”

“ஆமாட்டி.”

“ரெண்டு வருஷம் கழிச்சு மலையில என்னையப் பாக்க வந்திருந்தா பிள்ளை நடந்துக்கிட்டு இருந்திருக்கும், என்ன? பேச்சுக்கூட வந்திருக்கும்.”

அமலம் அவள் கையைப் பிடிக்கப் போனாள். மாரிக்கனி கையை மெதுவாகப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“கோவம் இல்ல யக்கா. நான்தான கழட்டிக் குடுத்தேன். ஆனா நீ இப்பம் போயிரு. உன்னையப் பாக்க முடியல.”

ஒன்பது நாளில் மாரிக்கனி இறந்துபோனாள். அமலம் இரண்டு தடவை போய் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினாள். கூடத்தில் யாருக்கும் அறிவிப்பு வரவில்லை. திரையிலிருந்து அவளுடைய கோடு எடுக்கப்பட்டது, அவ்வளவுதான். மாடிக்குப் போனாள், திரும்பி வரவில்லை என்று பெண்கள் கணக்கில் ஒன்று கூட்டிக்கொண்டார்கள்.

ஐப்பசியில் ஜெனோவா உடை மாற்றும் அறையில் அமலத்தின் கையைப் பிடித்தாள். முப்பத்துநாலு வயது, கூடத்திலேயே சின்னவள், இரண்டு பிள்ளைகள். அவளுடைய கோடு ஒரு வாரமாகச் சிவப்புக்குக் கீழே. கழற்ற முடியாத புது வளை இன்னும் வந்து சேரவில்லை, பழைய வளையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தாள்.

“மாரியக்காவுக்குச் செஞ்சேல்ல. எனக்கும் செய்யி யக்கா. சின்னவன் இன்னும் பால்குடிப் பிள்ளை மாதிரிதான் என் பக்கத்துல ஒட்டிக்கிட்டுப் படுக்கான்.”

“போட்டுக்க” என்றாள் அமலம். “விளக்கு எரிஞ்சா மேல போ. மேல மருந்து இருக்கு.”

அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கையெழுத்தாவது மண்ணாவது என்று சொன்னாள். மாரிக்கனியைக் கொன்றது நோயல்ல, நான்தான் என்று சொன்னாள்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஏழு பேரு பொழைக்காவளா? ஒருத்தியக் காட்டு” என்றாள் பிரகாசி. அமலத்துக்கு அடுத்தபடியாக எடை தூக்குகிறவள் அவள்தான். “மேல போயிட்டு வந்ததுல இருந்து நீ அவிய ஆளாயிட்ட. சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்காவ.”

“நான் மாரிக்கனி மேல சத்தியமா சொல்லுதேன்.”

“மாரிக்கனி எங்க? வரச் சொல்லு, கேப்போம்.”

அமலத்திடம் இருந்த ஒரே சாட்சி செத்துப்போனவள்.

அடுத்த வாரம் ஜெனோவாவின் கோடு சிவப்பைத் தாண்டி மேலே வந்தது. அதற்கடுத்த வாரம் அரை கிலோ ஏறியது. பிரகாசி தன் எடையைத் தூக்கிவிட்டு உடை மாற்றும் அறைக்குப் போய்த் திரும்பி வந்து மறுபடி தூக்கினாள். ஜெனோவா துண்டைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்றாள். செவிலி திரையைப் பார்த்துத் தலையாட்டினாள். அமலம் தன் ராடைப் பிடித்தபடி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் பொறுத்தாள். ஜெனோவாவின் வீட்டுக்குப் போய்க் கெஞ்சினாள், கதவைச் சாத்தினார்கள். மறுநாள் புதன்கிழமை, பிரகாசி ஜெனோவாவின் வளையோடு ராடைத் தொட்ட அந்த நிமிஷம், அமலம் கண்ணாடியைத் தட்டினாள். செவிலி நிமிர்ந்து பார்த்தாள்.

“திரையப் பாக்காதம்மா. இங்க பாரு” என்றாள் அமலம்.

நீலக்கதவின் மேல் விளக்கு எரிந்தது. இரண்டு செவிலிகள் வந்து பிடித்துக்கொண்டபோது ஜெனோவா தரையில் உட்கார்ந்துவிட்டாள். தூக்கித்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. கதவுவரை அமலத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்து அவள் போட்ட சத்தத்தில் கூடம் உறைந்துபோய் நின்றது.

“மாரியக்காவத் தின்னது பத்தாதுன்னு என்னையும் தின்னுட்ட! ரெண்டு பேரைக் கொன்னவ நீ! என் பிள்ளைக வயித்தெரிச்சல் உன்னையச் சும்மா விடாது!”

கதவு மூடியது. பிரகாசி காறித் துப்பிவிட்டு ராடை வேறு மூலைக்கு உருட்டிக்கொண்டு போனாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக நகர்ந்தார்கள்.

ஒரு மாதம் கழித்து அமலம் டாக்டர் நஸ்ரினைப் படிக்கட்டில் மறித்தாள்.

“ஜெனோவா மலைக்குப் போயிட்டாளா? பேரு சொல்ல வேண்டாம். தலைய மட்டும் ஆட்டுங்க. அது போதும்.”

டாக்டரின் கண் கலங்கியது. தலை ஆடவில்லை. “வெள்ளிக்கிழமை தவறாம வந்துருங்கம்மா. உங்க கோடு ரெண்டு வாரமா இறங்குது” என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிப்போனாள்.

அமலம் படியிலேயே உட்கார்ந்தாள். அந்தக் கலங்கிய கண்ணுக்கு எந்த அர்த்தமும் வைத்துக்கொள்ளலாம். தன் கோடு இறங்குவது நோயாலா, துக்கத்தாலா என்று அவளுக்கு அக்கறை இல்லை, அதை ஸ்கேன் சொல்லும். இரண்டு பேரைக் கொன்றவள் என்று ஜெனோவா சொன்னாள். அதில் ஒருத்தி விஷயத்தில் அது உண்மை. இன்னொருத்தி விஷயத்தில் உண்மையா பொய்யா என்பது மலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், மாடியில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், அவளுக்கு மட்டும் கடைசிவரை தெரியாது.